குளக்கட்டில் நடந்து கற்பது: வன்னியின் நீர்நிலைகளை உள்ளூர் அறிவோடு பராமரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கார்த்திகை அடைமழை. இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு சின்னக் குளத்தின் கட்டில் நின்றுகொண்டிருந்தோம். வயல் பக்க அடியில் கசிவு ஒன்று தெரிந்தது. என்னோடு வந்த பொடியன்கள் மண்மூட்டை தேடி ஓட, எழுபது வயதைத் தாண்டிய ஒரு அப்பு மட்டும் குந்தியிருந்து அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தார். "தெளிஞ்ச தண்ணி தம்பி. தடி ஒண்டை ஊண்டி அடையாளம் வை. கலங்கி வந்தா உடனே என்னைக் கூப்பிடு" என்றார்.

நீர்ப்பாசனப் பொறியியலாளரும் இதையேதான் சொல்வார். தெளிந்த கசிவு அநேகமாக எல்லா மண்கட்டிலும் உண்டு. கலங்கல் வந்தால், தண்ணீர் கட்டின் வயிற்றுக்குள் இருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். நண்டுவளையோ கறையான் புற்றோ செத்த மரத்தின் வேரோ அதற்கு வழி விட்டிருக்கும். துளை பெருத்தால் கட்டு உடைந்துவிடும்.

இங்கே "உள்ளூர் அறிவு" என்று நான் சொல்வது இதைத்தான். எதைக் கண்டால் எதைச் செய்வது என்ற முடிவு அது. கதையாக மட்டும் பதிந்து வைத்தால் அதனால் குளத்துக்கு ஒரு பயனும் இல்லை.

உலக அளவில் இதற்கு ஏற்பு இருக்கிறது. ஈர நிலங்களுக்கான உடன்படிக்கை 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் ஏற்பட்டது. இலங்கை 1990இல் அதில் சேர்ந்தது. உள்ளூர் மக்களையும் பழங்குடிகளையும் ஈரநிலப் பராமரிப்பில் எப்படிச் சேர்ப்பது என்ற வழிகாட்டல் 1999இல் கொஸ்தாரிக்காவில் நடந்த மாநாட்டில் ஏற்கப்பட்டது. மன்னாரின் வங்காலை சரணாலயம் 2010இல் ராம்சார் பட்டியலில் ஏறியது. ஆக, தாளில் எல்லாம் இருக்கிறது. அந்தத் தாளில் உள்ளதை ஒரு சின்னக் குளத்தின் கரையில் நின்று செய்வது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். கமக்காரர் அமைப்பில் புதிதாகப் பொறுப்பெடுத்தவர்கள், மீனவர் சங்கத்துப் பிள்ளைகள், ஆய்வுக்கென்று ஊருக்குள் வரும் மாணவர்கள் ஆகியோரை நினைத்து எழுதுகிறேன்.

முதல் வேலை: குளம் யார் பொறுப்பு என்று அறிந்துகொள்ளுங்கள்

இதைத் தெரியாமல் இறங்கினால் பாதி வழியில் நிற்பீர்கள். 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய 200 ஏக்கருக்கு, உட்பட்ட வயலுக்குப் பாய்ச்சும் குளம் சிறுகுளம். அது கமநல சேவைகள் நிலையத்தின் பார்வையில் வரும். அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களங்களிடம். குளத்தில் மீன்குஞ்சு விடுவது நக்டா என்று எல்லோரும் சொல்லும் நீருயிரின வளர்ப்பு அதிகார சபை. நீரேந்து காடு வனத் திணைக்களத்தின் கையில் இருக்கலாம். மன்னாரின் கட்டுக்கரைக்குளம் போலச் சரணாலயமாகவும் இருந்தால் வனசீவராசிகள் திணைக்களமும் வரும். ஒரே தண்ணீருக்கு இத்தனை சொந்தக்காரர். ஒரு தாளில் குளத்தின் படத்தைக் கீறி, எந்தப் பகுதிக்கு எந்தக் கந்தோர் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: ஊர்ப்பெயரை வாசியுங்கள்

காசு செலவில்லாத ஆவணம் இது. வன்னியில் ஒரு இடத்தின் பெயரே அந்த நிலத்தின் நீர்க்கணக்கைச் சொல்லும். 'மோட்டை' என்றால் சின்னக் குளம்: நொச்சிமோட்டை, பாலமோட்டை. 'மடு' என்றால் ஆழமான நீர்க்கிடங்கு: இரணைமடு, விசுவமடு. 'முறிப்பு' என்று முடிந்தால், எப்போதோ ஒரு கட்டு முறிந்த நினைவு அங்கே இருக்கலாம்: தண்ணிமுறிப்பு, புதுமுறிப்பு. 'கேணி', 'ஓடை', 'வில்' எல்லாம் தனித்தனி நீர்நிலைகள். கொக்குத்தொடுவாயில் உள்ள 'தொடுவாய்', களப்பு எனும் கரையோர உப்புநீர்நிலை கடலைத் தொடும் வாய்.

ஊர்ப்பெயர் வரைபடத்தில் இருக்கும். உள்ளே உள்ள சின்னப் பெயர்கள்தான் அழிந்துகொண்டு போகின்றன. குளத்துக்குள்ளேயே ஒவ்வொரு பள்ளத்துக்கும் திட்டிக்கும் பெயர் உண்டு. கோடையில் கடைசியாகத் தண்ணீர் நிற்கும் கிடங்கு எது, அதன் பெயர் என்ன என்று கேளுங்கள். அடுத்த மழைக்கு மீன் இனம் தப்பிப் பிழைப்பது அந்தக் கிடங்கில்தான். பெயர் தெரியாமல் போன கிடங்கை ஒருவரும் காப்பாற்றப் போவதில்லை. அடுத்த புனரமைப்பில் மண் போட்டு நிரவிவிடுவார்கள்.

மூன்றாவது: யாரிடம் கேட்பது

நான் வழுக்கி விழுந்த இடம் இது. முதன்முதலாக ஒரு குளத்துக்கு வரைபடம் தயாரித்தபோது கமக்காரர் அமைப்பின் ஆண்கள் பன்னிரண்டு பேரை மட்டும் இருத்திக் கேட்டேன். தண்ணீர் திறக்கும் துருசு, வாய்க்கால், வயல் எல்லாம் திறமாக வந்தது. படத்தைக் கொண்டுபோய்த் தேநீர் தந்த வீட்டு ஆச்சியிடம் காட்டினேன். சிரித்துவிட்டு, "குளத்துக்குள்ள ஒண்டுமே இல்லையே பிள்ளை, வெறும் தண்ணியோ?" என்றார். தாமரைக்கிழங்கு கிண்டும் இடம், பொன்னாங்காணி ஆயும் கரை, பாய்க்குப் புல் அறுக்கும் மூலை, பட்டி மாடு தண்ணீர் குடிக்க இறங்கும் துறை ஒன்றும் என் படத்தில் இல்லை. வயல்காரர் குளத்தைக் கட்டின் பக்கமிருந்து பார்க்கிறார்கள். மற்ற எல்லோரும் அலைகரைப் பக்கமிருந்து, அதாவது தண்ணீர் ஏறி இறங்கும் விளிம்பிலிருந்து, பார்க்கிறார்கள்.

ஆகவே இத்தனை பேரையும் தனித்தனியாகப் பாருங்கள்: கமவிதானை அல்லது துருசு திறந்து பழகியவர், குளத்து மீன்பிடிக்காரர், பட்டிக்காரர், கிழங்கும் கீரையும் எடுக்கும் பெண்கள், காட்டுக்குள் தேனுக்கும் பாலைப்பழத்துக்கும் போய் வருபவர்கள், நாட்டு வைத்தியம் தெரிந்தவர்.

இன்னொன்று. வன்னியில் தம்மைப் பழங்குடி என்று சொல்லிக்கொள்பவர் அரிது. ஆனால் எல்லோரும் பல தலைமுறையாக அங்கேயே இருந்தவர்களும் அல்லர். 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் உண்டு. குடாநாட்டிலிருந்து காணி பெற்று வந்தவர்கள் உண்டு. 1990இல் வெளியேற்றப்பட்டு, பிறகு திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. "அவையள் வந்தேறினவை, அவைக்கு என்ன தெரியும்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு அவர்களிடமும் போய்க் கேளுங்கள். நாற்பது வருடம் ஒரு குளத்தோடு கிடந்து மாய்ந்தவருக்குத் தெரியாதது குறைவு.

நான்காவது: கேட்கும் முறை

சங்கக் கட்டடத்தில் கதிரை போட்டுக் கேட்டால் பேச்சுத்தான் வரும். கட்டில் நடந்தால் அறிவு வரும். குளம் நிரம்பினால் மிகைநீர் வழியும் வான் அருகே வந்ததும், "இதிலதான் அந்த வருசம் வெள்ளம் மேவினது" என்று அவர்களாகவே தொடங்குவார்கள்.

"அந்தக் காலத்தில் எப்படி?" என்று கேட்காதீர்கள். தேனும் பாலும் ஓடிய கதைதான் வரும். குறுக்கிக் கேளுங்கள். துருசை எத்தனை அடியில் மூடுவீர்கள்? மூடாவிட்டால் என்ன நடந்தது? அதை முடிவெடுத்தது யார்? மறுத்தவரை என்ன செய்தீர்கள்? கடைசிக் கேள்வி முக்கியம். தண்டனையும் சமாதானமும் சேர்ந்த பகுதி அது, ஒருவரும் தானாகச் சொல்லமாட்டார்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். விதைப்பு நேரத்திலும் அருவி வெட்டும் அறுவடை நேரத்திலும் போய் மறிக்கக் கூடாது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது, குளம் வற்றிக் கிடக்கும். அடிநிலம் தெரியும், ஆட்களுக்கும் நேரம் இருக்கும். நான் சொல்வேன், ஒரு முறை வற்றிய குளத்திலும் ஒரு முறை வான் பாயும்போதும் நடக்காமல் எந்த முடிவும் எழுதாதீர்கள்.

ஒலிப்பதிவு செய்வதானால் முதலிலேயே கேளுங்கள். போர் நடந்த மண்ணில் பதிவுக் கருவியைக் கண்டால் பேச்சு மாறும். கையால் எழுதினால் மாறாது.

ஐந்தாவது: குளத்தின் நாட்காட்டி

வன்னிக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றோடு வருவது. இந்த மூன்று நான்கு மாதத் தண்ணீரில்தான் மிச்ச வருடம் ஓட வேண்டும். பன்னிரண்டு தமிழ் மாதங்களையும் ஒரு பெரிய தாளில் வட்டமாகக் கீறுங்கள். நடுவில் தண்ணீர் மட்டம், அடுத்த வளையத்தில் வயல் வேலை, அதற்கு வெளியே மீன், மாடு, கீரை, பறவை, காற்று.

அப்போதுதான் மோதல்கள் கண்ணுக்குத் தெரியும். உதாரணமாக, புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே புழுதி விதைப்பு விதைத்தால் முதல் மழையைப் பயிர் பிடித்துக்கொள்ளும், குளத்துத் தண்ணீர் மிஞ்சும். தண்ணீர் திறந்து சேறடித்து விதைத்தால் குளம் தொடக்கத்திலேயே இறங்கும். மிஞ்சிய தண்ணீர்தான் கோடைப் பயிரான சிறுபோகத்துக்கும் கோடை மீனுக்கும். இதை மீனவரும் கமக்காரரும் ஒரே தாளில் பார்ப்பது பெரும்பாலும் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

மழைக் குறிகளையும் எழுதுங்கள். எறும்பு முட்டையோடு மேடேறுவது, தும்பி தாழப் பறப்பது, தூக்கணாங்குருவி கூட்டை எந்த உயரத்தில் கட்டுகிறது என்பது. இவற்றில் எது பலிக்கிறது என்று வாதாட வேண்டாம். தேதி போட்டு எழுதி, பக்கத்தில் மழையளவையும் எழுதிக்கொண்டு வந்தால் மூன்று வருடத்தில் உங்களுக்கே தெரியும்.

ஆறாவது: சரிபார்ப்பது

மூத்தவர் சொன்னதெல்லாம் வேதம் என்று எடுப்பதும், "படிக்காதவர் பேச்சு" என்று தள்ளுவதும் ஒரே பிழையின் இரண்டு பக்கம். சொன்னதை அளந்து பாருங்கள். துருசடியில் அடிக்கணக்குத் தூண் இருக்கும். வாராவாரம் பார்த்து எழுதலாம். ஒரு வெற்றுப் போத்தலும் அடிமட்டமும் இருந்தால் மழையையும் அளக்கலாம்.

அடிக்கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. "இத்தனை அடி நின்றால் இத்தனை ஏக்கர் சிறுபோகம்" என்று பழைய ஆட்கள் மனக்கணக்கு வைத்திருப்பார்கள். ஆனால் பல குளங்களின் கட்டும் வானும் புனரமைப்பில் மாறிவிட்டன. இரணைமடுவின் கொள்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்டது. பழைய கணக்கு பழைய குளத்துக்குச் சரி. புதிய மட்டத்துக்கு அதே ஆட்களை இருத்தி மறுபடி கணக்குப் போட வேண்டும். வான் எங்கே எவ்வளவு மேவும், எந்த ஊருக்கு வெள்ளம் முதலில் போகும் என்பதும் அப்படித்தான். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் பட்டது நினைவிருக்கும்.

மீன் கணக்கும் மாறியிருக்கிறது. இன்று குளத்தில் கிடைப்பதில் பெரும்பங்கு திலாப்பியா. அது 1950களில் வெளியே இருந்து கொண்டுவந்து விடப்பட்டது. அதைப் பற்றிய அறிவு இரண்டு தலைமுறை அறிவுதான், ஆனாலும் அறிவுதான். 2008, 2009 இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வந்தபோது பல குளங்களைப் பராமரிக்க ஆளின்றிக் கட்டில் காடு பத்தியிருந்தது. கட்டின் மேல் வளர்ந்த மரத்தை என்ன செய்வது என்ற கேள்வியில் மூத்தவரும் பொறியியலாளரும் ஒரே பக்கம் நிற்பதைக் கண்டிருக்கிறேன்: மருதும் நாவலும் அலைகரைக்கு, கட்டுக்குப் புல்.

ஏழாவது: அறிவை விதியாக மாற்றுவது

இங்கேதான் பெரும்பாலான திட்டங்கள் படுத்துவிடுகின்றன. அழகான புத்தகம் அச்சாகும், குளம் அப்படியே கிடக்கும். ஒவ்வொரு அறிவுத் துணுக்கையும் எடுத்து, யார், எப்போது, என்ன செய்வது என்று ஒரு வசனமாக எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம்.

விராலை எடுங்கள். விரால் சோடி குஞ்சைக் காவல் காக்கும். சிவப்புக் குஞ்சுகள் திரளாக மேலே வந்து மூச்செடுக்கும், தாயும் தகப்பனும் கீழே நிற்கும். அந்த நேரம் தூண்டில் போட்டால் குஞ்சைக் காக்கப் பாய்ந்து வந்து கடிக்கும், பிடிப்பது மிகச் சுலபம். பிடித்தால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரை. "குஞ்சோட நிக்கிற விராலில கைவைக்கிறேல்ல" என்று பல ஊரில் சொல்வார்கள். இதை விதியாக்கினால்: குஞ்சுத் திரள் தெரியும் இடத்தில் தூண்டிலோ வலையோ போடக் கூடாது. கண்டவர் தடி நட்டுச் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும். முடிந்தது. அதேபோல, வான் பாயும்போது எதிர்நீரில் ஏறும் மீன் முட்டை போடப் போகிறது. அத்தாங்கும் கரப்புமாக ஊரே இறங்கும் கொண்டாட்டம் அது, முற்றாக நிறுத்தச் சொன்னால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆனால் வானுக்குக் குறுக்கே வலை கட்டக் கூடாது என்றால் கேட்பார்கள். தங்கூசி எனும் ஒற்றை இழை நைலோன் வலை ஏற்கெனவே சட்டப்படி தடை. அதற்கு ஊர்விதி தேவையில்லை, ஊர்க்கண் தேவை.

அடுத்தது அலைகரை. தண்ணீர் ஏறி இறங்கும் அந்த விளிம்பில் உள்ள புல்லும் பற்றையும் மழைநீரோடு வரும் மண்ணை வடிகட்டுகிறது. அதை உழுது பயறு விதைத்தால் இரண்டு போகம் லாபம், பிறகு அந்த மண் முழுக்கக் குளத்துக்குள். எல்லை தெரியாதபடியால்தான் பாதி அத்துமீறல் நடக்கிறது. முழுக்கொள்ளளவு நீர் தொட்ட இடத்தை மூத்தவர்கள் மரம் காட்டிச் சொல்வார்கள். அந்த மரங்களைக் கமநல உத்தியோகத்தரோடு சேர்ந்து குறித்து, இடைவெளியில் மருது நடுங்கள்.

ஆழப்படுத்துவது பற்றி ஒரு எச்சரிக்கை. வண்டல் எடுப்பது பழைய வழக்கம். கோடையில் வண்டில் கட்டி அள்ளி வயலுக்குப் போடுவார்கள், குளமும் ஆழமாகும், வயலும் கொழுக்கும். இன்று அதே பெயரில் பெக்கோ எனும் மண் தோண்டும் இயந்திரம் இறங்குகிறது. வண்டலுக்குக் கீழே இருக்கும் களிப்படைதான் குளத்தின் அடிச்சட்டி. அதை உடைத்தால் தண்ணீர் கீழே போய்விடும். கட்டுக்குக் கிட்டத் தோண்டினால் கட்டே பலவீனப்படும். எந்த நிறத்து மண் வரும்போது வண்டில்காரர் நிறுத்துவார்கள் என்று கேட்டு, அந்த நிறத்தை ஒப்பந்தக்காரருக்குக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வெட்டும் நாள் முழுக்க ஊரவர் ஒருவர் குழியடியில் நிற்க வேண்டும்.

களப்புக்கு வேறு கணக்கு

குளமும் களப்பும் ஒரே நூலின் இரண்டு நுனி. கனகராயன் ஆறு இரணைமடுவைத் தாண்டிச் சுண்டிக்குளம் களப்புக்குப் போகிறது. பேராறு நந்திக்கடலில் விழுகிறது. மேலே வயலுக்கு அடித்த மருந்து கீழே இறாலிடம் போய்ச் சேரும்.

களப்பில் பெரிய முடிவு வாய் வெட்டுவது. மாரியில் தண்ணீர் பெருகும்போது கரையோர வயல் தாழும், கமக்காரர் "வெட்டு" என்பார். கடலிலிருந்து குஞ்சாக வந்து களப்பில் வளரும் இறால், வாய் திறந்ததும் கடலை நோக்கி ஓடும். அது பருக்க இன்னும் நாள் வேண்டும், மீனவர் "பொறு" என்பார். இரண்டு பேரும் சரி. காற்றுத் திசை, கடல் நிலை, நிலவு, களப்பு நீரின் உப்பு இவற்றைப் பார்த்து நாள் குறிக்கத் தெரிந்தவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். அவர்களை ஒன்றாக இருத்துவதுதான் உங்கள் வேலை, நாள் குறிப்பது அல்ல.

நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. பிரகடனம் வந்தால் பறவைக்குப் பாதுகாப்பு, ஆனால் வழிவழியாகத் தொழில் செய்த ஆள் மறுநாள் அத்துமீறியவர் ஆகிவிடலாம். எந்தக் குடும்பம் எந்த மாதம் எந்த இடத்தில் என்ன வலை போட்டது என்ற பதிவு உங்களிடம் இருந்தால், எல்லைக்கல் போடுபவர்களோடு பேச ஒரு பிடி கிடைக்கும். சிறகுவலை நாட்டும் இடங்களைக் குறித்து வைப்பது அதனால் வெறும் ஆய்வு வேலை அல்ல.

வற்றாப்பளை கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கல் நந்திக்கடல் கரையில் நடக்கிறது. குளக்கட்டுகளில் ஐயனாரும் பிள்ளையாரும் இருக்கிறார்கள். பொங்கலுக்கு ஊர் கூடும் நாள்தான் கட்டைத் துப்புரவாக்கும் நாளாகவும் இருந்தது. திகதியைக் கோயிலோடு கட்டிவிடுங்கள், சுற்றறிக்கையைவிட அதற்கு ஆள் வரும்.

எட்டாவது: கூட்டக் குறிப்பேட்டில் ஏற்றுவது

ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கும். தண்ணீர் திறக்கும் திகதி, விதைக்கும் ஏக்கர், மாடு கட்டும் திகதி எல்லாம் அங்கேதான் தீர்மானம் ஆகும். சிறுகுளங்களுக்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கமக்காரர் அமைப்புக்கு இதில் இடம் உண்டு. உங்கள் விதிகளைத் தனி அறிக்கையாக அச்சடித்துக் கொடுத்தால் அலுமாரிக்குள் போகும். நான் கொடுத்த முதல் அறிக்கையை இரண்டு வருடம் கழித்து ஒரு கந்தோரில் கதவு அடிபடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கக் கண்டேன். கூட்டக் குறிப்பில் ஏறிய தீர்மானத்துக்குத் திகதியும் கையொப்பமும் இருக்கும், அடுத்த வருடம் "போன முறை தீர்மானித்ததுதானே" என்று கேட்கலாம்.

ஒரு கூட்டத்துக்கு இரண்டு விதிக்கு மேல் கொண்டுபோகாதீர்கள். எழுந்து சொல்வது நீங்களாக இருக்கக் கூடாது, அந்த அறிவுக்குரியவர் சொல்லட்டும். மீனவரையும் பட்டிக்காரரையும் கிழங்கெடுக்கும் பெண்களையும் அன்றைக்கு அழைக்கும்படி கமக்காரர் அமைப்பிடம் முன்கூட்டியே கேளுங்கள். இல்லாவிட்டால் குளத்தடி வயல்காரர் மட்டும் இருந்து எல்லோருக்கும் விதி போட்டுவிடுவார்கள்.

எதை எழுதக் கூடாது

மருந்து மூலிகை கிடைக்கும் இடம், தேன் இருக்கும் மரம், பறவை முட்டையிடும் திட்டி, புதையல் கதை ஒட்டியிருக்கும் பழைய கல். இவற்றைப் பொது வரைபடத்தில் போட வேண்டாம். அடுத்த மாதமே யாராவது மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள். சொன்னவருக்கு மட்டும் தெரிந்த குறியாகத் தனித்தாளில் வைத்து அவரிடமே கொடுத்துவிடுங்கள். மற்றப் பதிவு எல்லாவற்றுக்கும் ஒரு படியை ஊரில் வைக்க வேண்டும், வாசிகசாலையிலோ கோயில் பெட்டியிலோ. தமிழில்.

முதல் நடைக்குக் கொண்டுபோக வேண்டியவை: கோடு போட்ட கொப்பி ஒன்று. பென்சில் ஒன்று; பேனை வேண்டாம், மழையில் கரையும். அளவு நாடா. அடையாளத்துக்குத் துணிக்கீலம். தண்ணீர்ப் போத்தல். கூட வரும் அப்புவுக்கு வெற்றிலை பாக்கு, ஆச்சிக்கும் அதே. பாம்புக்குப் பாத்துக் காலை வையுங்கள், பன் புல்லுக்குள் புடையன் பாம்பு கிடக்கும். காலை ஆறரைக்கே கட்டில் நின்றால், வெயில் ஏறுமுன் வானடிவரை நடந்து திரும்பலாம்.